குறையோடு நிறைதல்: பூரண யோகம், ஓர் எளிய அறிமுகம்

"உனக்கு என்ன குறை?" என்று கேட்காத பெரியவர்கள் நம் வீடுகளில் இல்லை. சொந்த வீடு, நிலையான வேலை, படிக்கிற பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, கணக்கில் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகும், உள்ளுக்குள் ஏதோ ஒன்று பொருந்தாமல் நிற்பதைப் பலரும் உணர்ந்திருப்போம். கேட்பவரிடம் அதற்கு ஒரு பெயர் சொல்லவும் வாய் வராது. குறைகள் எல்லாம் தீர்ந்தால் நிறைவு தானாக வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் வகுத்த பூரண யோகம் அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கேள்விக்கு உட்படுத்துகிறது. குறைகள் இருக்கும்போதே, அவற்றையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு, ஒரு மனிதர் முழுமை அடைய முடியும் என்பது அதன் அடிப்படை. அன்பு, தொண்டு, வாழ்க்கையை ஏற்றல் ஆகிய மூன்றும் அந்த முழுமைக்கு எப்படி வழியாகின்றன என்பதை, இந்த யோகத்தைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுகிறவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

யோகத்தைச் சொல்லும் முன் அதைச் சொன்னவரைப் பற்றிச் சில செய்திகள் தேவை. 1872 ஆகஸ்ட் 15 அன்று கொல்கத்தாவில் பிறந்த அரவிந்தர், ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜில் படித்து, 1893இல் நாடு திரும்பினார். பரோடா சமஸ்தானத்தில் பணியாற்றியபின் வங்காளத்தின் விடுதலைப் போராட்டத்தில் முன்னணியில் நின்றார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1908 மே மாதம் கைதாகி, ஓராண்டு விசாரணைச் சிறையில் இருந்து, 1909 மே மாதம் விடுதலையானார். தன்னை அடைத்துவைத்த சுவரிலும், சிறை முற்றத்து மரத்திலும், உடன் இருந்த கைதிகளிடத்திலும் இறைவனையே கண்டதாக, வெளியே வந்த சில வாரங்களில் உத்தரபாராவில் பேசிய பேச்சில் அவர் சொன்னார். 1910 ஏப்ரல் 4 அன்று, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே வந்து தங்கியிருந்த பாரதியாருக்கும் அவருக்கும் நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். பிரான்சில் பிறந்த மீரா அல்ஃபாஸா 1914இல் முதல்முறையும், 1920இல் நிரந்தரமாகவும் புதுச்சேரிக்கு வந்தார். ஸ்ரீ அன்னை என்று நாம் சொல்வது அவரைத்தான். 1926 நவம்பரில் ஆசிரமம் அவருடைய பொறுப்பில் உருப்பெற்றது.

பூரணம் என்ற சொல்லுக்கு நிறைவு என்று பொருள். எது நிறைய வேண்டும் என்பதில்தான் அரவிந்தர் பல பழைய நெறிகளிலிருந்து வேறுபடுகிறார். உலகத்தை மாயை என்று ஒதுக்கிவிட்டுக் குகைக்கோ காட்டுக்கோ போகிறவர் அமைதியை அடையலாம். ஆனால் அவர் விட்டுவிட்டு வந்த உடலும், உறவும், ஊரும், உழைப்பும் அப்படியே மாறாமல் கிடக்கும் என்பது அரவிந்தருடைய வாதம். வாழ்க்கை முழுவதுமே யோகம் என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். சமையலறை, அலுவலகம், சந்தை, நோய்ப்படுக்கை ஆகிய எதுவும் யோகத்துக்கு வெளியே இல்லை. துறவின் பெருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வீட்டையும் பிழைப்பையும் விட முடியாத, விட விரும்பாத பெரும்பாலோருக்கு, விடாமலே செல்லக்கூடிய ஒரு வழி இருக்கிறது என்று அறிவதே பெரிய ஆறுதல்.

நாம் ஏன் முழுமையற்றவர்களாக உணர்கிறோம் என்ற கேள்விக்கு இந்த யோகம் தரும் விளக்கம் மிகவும் எளிமையானது. நமக்குள் ஒரே ஒருவர் இல்லை. விடியற்காலையில் நடக்கப் போக வேண்டும் என்று முந்தைய இரவே மனம் முடிவு செய்கிறது. ஐந்து மணிக்கு உடல் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே, நேற்று யாரோ சொன்ன ஒரு சொல்லை நினைத்துப் பொருமிக்கொண்டு, எதிலும் ஒத்துழைக்க மறுக்கும் இன்னொன்று இருக்கிறது. ஆசையும் கோபமும் உற்சாகமும் பிறக்கிற அந்த இடத்தை அரவிந்தர் பிராணன் என்கிறார். உடல், பிராணன், மனம் ஆகிய மூன்றும் ஆளுக்கொரு திசையில் இழுக்கும்போது, எத்தனை வசதி வந்தாலும் வீட்டுக்குள் ஓயாத பூசல்தான். இவை மூன்றுக்கும் பின்னால், சத்தமில்லாமல், உண்மையையும் அழகையும் நன்மையையும் நோக்கி இயல்பாகவே சாய்கிற ஒன்று எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்றும், அது முன்னுக்கு வந்து நடத்தத் தொடங்கினால் மற்ற மூன்றும் மெல்ல மெல்ல இசைந்து வரும் என்றும் அவர் சொன்னார். அதை அவர் சைத்திய புருஷன் என்று குறித்தார். நம் வழக்கில் அந்தராத்மா என்றால் ஏறக்குறையப் பொருந்தும். ஆகவே இந்த யோகத்தில் அக முழுமை என்பது சண்டையிடும் பகுதிகளை வெட்டி எறிவதால் வருவதில்லை. அவற்றுக்கு நடுவில் ஒரு தலைமை கிடைப்பதால் வருகிறது.

அந்தத் தலைமை முன்னுக்கு வர என்ன செய்ய வேண்டும்? தியானம் என்று உடனே சொல்லத் தோன்றும். தியானத்துக்கு இங்கே இடம் உண்டு. ஆனால் அதற்குச் சற்றும் குறையாத இடம் வேலைக்கு உண்டு. புதுச்சேரி ஆசிரமத்தில் தொடக்கம் முதலே எல்லாருக்கும் ஏதாவது ஒரு பணி உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல், துணி வெளுத்தல், தோட்டம், அச்சகம், கைக்காகிதப் பட்டறை என்று அது விரியும். தமிழில் பணி என்ற ஒரே சொல் வேலையையும் குறிக்கும், வணங்கு என்றும் பொருள்படும். பூரண யோகம் சொல்லும் தொண்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வேலையை வணக்கமாகச் செய்வது என்றால், செய்யத் தொடங்கும்போது இது இறைவனுக்கு என்று உள்ளுக்குள் ஒப்படைத்துவிட்டு, செய்யும்போது முழுக் கவனத்தையும் அதில் வைத்து, முடிந்தபின் விளைவின் மேல் உரிமை கொண்டாடாமல் கையை எடுத்துவிடுவது. கீதையின் கர்மயோகமும் இதையே சொல்கிறது.

ஆசிரமத்தின் நடு முற்றத்தில் அரவிந்தரும் அன்னையும் ஒரே சமாதியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1950 டிசம்பரில் அரவிந்தரும், 1973 நவம்பரில் அன்னையும். அன்றாடம் மலர்களால் ஒப்பனை செய்யப்படும் அந்தச் சமாதியின் மேல் ஒரு பெரிய இயல்வாகை மரம் கவிந்து நிற்கிறது. அன்னை நூற்றுக்கணக்கான மலர்களுக்கு அவற்றின் உட்பொருளைச் சுட்டிப் பெயர் சூட்டினார். துளசிக்குப் பக்தி என்று பெயர். இயல்வாகையின் மஞ்சள் பூவுக்குச் சேவை என்று பெயர். நான் முதன்முறை போனபோது இந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஊதுபத்தி மணத்தில், யாரும் பேசாத அந்த அமைதியில், சமாதியின் விளிம்பில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்த ஒரு மூதாட்டியின் முதுகில் இரண்டு மூன்று மஞ்சள் இதழ்கள் விழுந்து ஒட்டியிருந்தன. அவர் எழுந்து நடந்தபோதும் அவை கீழே விழவில்லை. பின்னொரு நாள் அந்தப் பூவின் பெயரைக் கேட்டபோது அந்த முதுகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்பைப் பின்னால் சொல்கிறேன்; இனி மூன்றாவதான ஏற்றலுக்கு வருகிறேன். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வாழ்க்கையை ஏற்றுக்கொள் என்றதும், "எல்லாம் தலையெழுத்து" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அரவிந்தர் சொன்ன ஏற்றல் அப்படிப்பட்டதன்று. வந்ததை முதலில் பதற்றமில்லாமல் பார்ப்பது அதன் முதற்படி. இதைச் சமநிலை என்று அவர் வலியுறுத்தினார். இன்பம் வந்தால் துள்ளுவதும் துன்பம் வந்தால் துவள்வதுமாகப் பிராணன் ஆடிக்கொண்டிருக்கும் வரையில் உள்ளிருந்து வரும் மெல்லிய குரல் காதில் விழாது. அடுத்த படி, நடந்ததற்கு எதிராக உள்ளுக்குள் நடத்தும் வழக்கை நிறுத்திவிட்டு, இதை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது. மூன்றாவது, அந்தக் கேள்விக்கு வருகிற விடையைத் தன் விருப்பு வெறுப்பு கலக்காமல் இறைவனிடம் ஒப்படைப்பது, இதுவே சரணாகதி. தலையெழுத்து என்று சொல்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார். ஏற்றுக்கொள்பவரோ அந்த இடத்திலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்.

இதை ஒரு மனிதருடைய கைகளைக் கொண்டு விளக்கினால் தெளிவாகும். கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று கரிசல் பூமியான அயன் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பென்சிலும் காகிதமும் இல்லாத ஊர்ப் பள்ளியில், ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தவர். உறவினர் குடும்பங்களில் இளம் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, 1944இல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அப்போது அவரை முடக்குவாதம் தாக்கியது. 1948இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது அவருடைய விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன. பேனாவைப் பிடிப்பதே பெரும் பாடாக இருந்தது. பிரசவம் பார்க்கும் மருத்துவராவது இனி நடக்காது என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

இந்த இடத்தில் அவர் முன் இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் விதியை நொந்துகொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அல்லது நோயே வராததுபோல் பழைய கனவைப் பிடித்துத் தொங்கலாம். அவர் கண் மருத்துவத்தைப் படித்தார். கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, அந்த விரல்களுக்கே கண் அறுவை செய்யப் பழக்கினார். கண்ணைத் தொடும் கத்தி மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும் என்பதை நினைத்தால், அந்தப் பழக்கத்துக்கு எத்தனை மாதப் பொறுமை தேவைப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். அந்தக் கைகளால் அவர் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். வலி அவரை விட்டுப் போகவில்லை. விரல்களும் நேராகவில்லை. குறை அப்படியே இருந்தது, வாழ்க்கை நிறைந்தது.

அவர் அரவிந்தரையும் அன்னையையும் தம் வழிகாட்டிகளாகக் கொண்டவர். மதுரையில் அரசு மருத்துவராகவும் பேராசிரியராகவும் பணியாற்றி, 58 வயதில் ஓய்வுபெற்றபின், 1976இல் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அரவிந்தர் பெயரையே அதற்கு வைத்தார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய துணைவர்களுமே உடன் உழைப்பவர்களாயினர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பணம் கட்ட முடிந்தவர் கட்டுகிறார். முடியாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ சிகிச்சை கிடைக்கிறது. ஏழை என்று நிரூபிக்கச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். உதவி கேட்டு வருகிறவரைத் தலைகுனிய வைத்துவிட்டுச் செய்கிற தொண்டில் அன்பு பாதி செத்துவிடுகிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிலையத்தைத் தொடங்கி அதை மதுரையிலேயே செய்தார்கள். அறிவும் திறமையும் மட்டும் போதாது, அழகான ஒன்றைச் செய்கிறோம் என்ற மகிழ்ச்சியும் வேண்டும் என்று அவர் சொல்வதுண்டு. 2006 ஜூலை 7 அன்று அவர் காலமானார்.

அவருடைய வாழ்க்கையில் ஏற்றல் முதலில் வந்தது, தொண்டு அதிலிருந்து பிறந்தது, அன்பு இரண்டுக்கும் உள்ளிருந்து சூடு தந்தது என்று நாம் வரிசைப்படுத்தலாம். ஆனால் வாழ்கிறவருக்கு இவை மூன்றும் தனித்தனியாகத் தெரிவதில்லை. கோணிய விரலை ஏற்றவருக்குத்தான், தடவித் தடவி நடந்து வருகிற கிழவரின் இயலாமை அந்நியமாகத் தோன்றாது.

அன்பைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கு நன்றாகத் தெரிந்த சொல் என்பதாலேயே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நாம் அன்பு என்று சொல்வதில் பெரும்பகுதி பாசம். பாசம் என்ற சொல்லுக்குக் கயிறு என்றே பொருள். சைவ சித்தாந்தம் அதைக் கட்டு என்ற பொருளில்தான் ஆள்கிறது. நான் உனக்கு இவ்வளவு செய்தேன், நீ எனக்கு என்ன செய்தாய் என்று அந்தக் கயிறு இரு முனையிலும் இறுகும். பூரண யோகம் பாசத்தை அறுத்தெறியச் சொல்லவில்லை. அதிலிருந்து பேரத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறது. பேரம் போன பின் மிஞ்சுவதுதான் அன்பு, அது குறைந்துபோவதற்குப் பதில் வலுக்கிறது என்கிறது. அந்தராத்மாவின் இயல்பே கொடுப்பது; கேட்பது பிராணனின் இயல்பு.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, என் அப்பாவைப் பார்த்துக்கொண்ட இரண்டு ஆண்டுகளில் தெரிந்துகொண்டதே அதிகம். பக்கவாதத்தில் அவருடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. காலை எட்டு மணிக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். ஒன்பதுக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவர் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் சுவரைப் பார்ப்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு நாளும் நான் அவரிடம் கடிந்து பேசியதில்லை. அதனால் நல்ல பிள்ளை என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பார்க்க வருகிற உறவினர் ஒவ்வொருவரிடமும், இரவில் எத்தனை முறை எழுந்தேன், எத்தனை விடுப்பு எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அப்பாவுக்குக் கேட்கும் தூரத்தில் நின்றுதான் சொல்லியிருக்கிறேன். செய்ததைச் சொல்லிக் காட்டுவது என்று நாம் சொல்கிறோமே, அது அதுதான். கை தொண்டு செய்துகொண்டிருக்க, பிராணன் பக்கத்தில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. நான் ஏன் அவ்வளவு களைத்துப்போனேன் என்பதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது. ஊட்டியதால் வந்த களைப்பு கொஞ்சம். கணக்கு எழுதியதால் வந்ததே மிகுதி.

தொடங்க விரும்புகிறவர் முதலில் செய்யக்கூடியது, நாள்தோறும் தவறாமல் செய்தாக வேண்டிய, தமக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்வது. பிடித்த வேலையில் அர்ப்பணம் எளிது. அதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதும் எளிது. தொடங்கும் முன் ஒரு மூச்சு நேரம் நின்று, இது உனக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். இறைவன் என்ற சொல் ஒட்டாதவர்கள் தம்முள் இருக்கும் மிக உயர்ந்த ஒன்றுக்கு என்று கொள்ளலாம். நடுவில் எரிச்சல் வரும், கட்டாயம் வரும். அதை அடக்கவும் வேண்டாம், நியாயப்படுத்தவும் வேண்டாம், இதோ வந்திருக்கிறது என்று பார்த்து, அதையும் அதே இடத்தில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். அரவிந்தர் இந்த முயற்சிக்கு மூன்று பகுதிகளைச் சொன்னார்: உயர்ந்ததை நோக்கிய ஆர்வம், அதற்கு ஒவ்வாததை விலக்குதல், சரணாகதி. மேலே சொன்ன சிறு பயிற்சியில் மூன்றும் அடங்கிவிடுகின்றன. பெரும் அனுபவங்களை எதிர்பார்த்து இருக்க வேண்டியதில்லை. கடனே என்று செய்த வேலை கொஞ்சம் கொஞ்சமாக இலகுவாவதுதான் முதலில் தெரிகிற மாற்றம். மாதக்கணக்கில் ஒன்றுமே மாறாததுபோலவும் இருக்கும். அந்த நாட்களில் விட்டுவிடாமல் இருப்பதும் பயிற்சியின் பகுதியே.

எனக்கு அந்த ஒரு வேலையாக அமைந்தது எட்டு மணிக் கஞ்சி. கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறையில் மாட்டினேன். அரை மணி நேரம் முன்னதாக எழுந்தேன். ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் ஒரு கணம் நின்றேன். அப்பா விழுங்கும் வேகம் கூடவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு நாள், நான் அவர் வாயோரத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தபோது, அவர் தம்முடைய நல்ல கையை மெல்லத் தூக்கி, என் சட்டைக் கையில் சிந்தியிருந்த கஞ்சியை முதலில் துடைத்துவிட்டார். பிறகு வாயைத் திறந்தார்.